பெண்பிள்ளையின் வயது கேட்பதும் பணிவிடையே

ஆவணியும் தையும் நெருங்கி வந்தால் நம் தாங்கல்களில் கல்யாண நாள் கேட்டு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். பணிவிடைக்காரர் நோட்டைப் புரட்டி அந்த நாள் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பார். எத்தனை பேருக்குச் சாப்பாடு, பாத்திரம் இங்கே எடுக்கிறீர்களா வெளியே எடுக்கிறீர்களா, பந்தல் யார், மாப்பிள்ளை எந்த ஊர், எல்லாம் கேட்பார். பெண்ணுக்கு என்ன வயது என்பதை மட்டும் பல இடங்களில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் வந்தவர் மனம் கோணுமோ, தெரிந்த குடும்பத்திடம் இதையெல்லாம் கேட்கலாமோ என்ற கூச்சம். கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச வேண்டும்.

கொல்லம் 1008 மாசி 20. அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வந்த நாள். இங்கிலீஷ் கணக்குக்கு 1833. அன்று நம் முன்னோர் இருந்த நிலையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தலைக்கு வரி, உழைப்புக்குக் கூலி இல்லாத ஊழியம், ஆண்மகன் தலையில் துண்டு கட்டினால் குற்றம், பெண் மார்பை மறைத்தால் குற்றம். அந்த மக்களைப் பார்த்துத் தலைப்பாகை கட்டச் சொன்னவர் அய்யா. எல்லாச் சாதிக்காரரும் ஒரே கிணற்றில் தண்ணீர் மொண்டு, ஒரே பந்தியில் உட்காரச் செய்தவர் அய்யா. அதற்காகத் திருவனந்தபுரத்துச் சிறையிலும் இருந்தார். 1851ல் அய்யா வைகுண்டம் சென்றார்கள். எட்டு வருடம் கழித்து 1859ல்தான் நம் பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தது. ஒரு பெண்ணின் உடம்புக்குரிய மானம் அவளுக்கே உரியது என்பதற்காக இத்தனை அடியும் உதையும் வாங்கிய சமூகம் இந்தியாவில் எத்தனை இருக்கும்? அந்த வழியில் வந்த நாம், பதினைந்து வயதுப் பிள்ளையை அவள் சம்மதம்கூடக் கேட்காமல் ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்தால் அது எந்தக் கணக்கில் சேரும்?

அய்யா தர்மத்துக்குச் சொன்ன பொருள் உங்களுக்குத் தெரியும். கீழே கிடப்பவரைத் தாங்கிக் காப்பதுதான் தர்மம். அன்று ஊரில் கீழே கிடந்தவர்கள் நாம். இன்று நம் வீட்டுக்குள்ளேயே யார் கீழே இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். வருமானம் இல்லாதவள், வயது இல்லாதவள், வீட்டில் நாலு பெரியவர்கள் கூடிப் பேசும்போது அடுப்பங்கரைக்கு அனுப்பப்படுகிறவள் யாரோ, அவள்தான்.

தாங்கலில் நாம் வணங்கும் இடத்தில் கண்ணாடி இருக்கிறது. சிலை இல்லை. அதில் நம் முகமே தெரிகிறது. உனக்குள் இருப்பதைப் பார் என்று அய்யா வைத்தது. பணக்காரன் வந்து நின்றாலும் ஏழை வந்து நின்றாலும் கண்ணாடி பேதம் பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை பள்ளிச் சீருடையோடு வந்து நாமம் சாத்தி நிற்கும்போதும் அதே கண்ணாடிதான், அதே அய்யாதான். அந்தப் பிள்ளைக்குள் இருக்கும் அய்யாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவள் வாழ்க்கையை முடிவு செய்துவிட்டு, அதே கண்ணாடி முன்னால் கொண்டுவந்து மாலை மாற்றச் சொல்கிறோம்.

நான் பணிவிடை செய்யும் தாங்கலில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். கொத்தனார் வேலை பார்க்கும் ஒரு தகப்பனார் நாள் குறிக்க வந்தார். பெரிய பணிவிடைக்காரர் எல்லாம் எழுதிக்கொண்டு, கடைசியில் கேட்டார்: "பிள்ளைக்கு வயசு என்ன தம்பி?"

"பதினெட்டு நடக்கு அண்ணாச்சி."

"நடக்கா, முடிஞ்சிருக்கா?"

அவர் பதில் சொல்லவில்லை. பள்ளிக்கூடச் சான்றிதழைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாள் வந்தது சான்றிதழ் இல்லை, கோபம்தான். "எங்க அப்பா காலத்துல இருந்து இந்தத் தாங்கலுக்கு வரி கொடுக்கோம். எங்ககிட்டயே சர்ட்டிபிகேட் கேக்கியளா? வேற கோவில் இல்லையா?" என்று முற்றத்தில் நின்று சத்தம் போட்டார். பெரியவர் திருப்பிச் சத்தம் போடவில்லை. அன்று மாலையே தாய்மார் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பிள்ளைக்கு 16 முடிந்து நாலு மாதம். மாப்பிள்ளை அவளுடைய அத்தை மகன், வெளிநாட்டு வேலை, இரண்டு மாத லீவில் வந்திருக்கிறான். இப்போது முடித்தால் 15 பவுன், இன்னும் இரண்டு வருடம் கழித்து வேறு இடம் பார்த்தால் எவ்வளவு கேட்பார்களோ என்ற பயம். தகப்பனாருக்கு முதுகில் அடிபட்டு ஆறு மாதமாகச் சாரத்தில் ஏற முடியவில்லை. கொடுமைக்காரர் இல்லை அவர். பயந்து போன மனிதர். நம் ஊர்களில் இப்படி அவசரமாகக் கட்டிக் கொடுக்கும் வீடுகளில் பெரும்பாலும் இதே பயம்தான் இருக்கிறது. அதனால்தான் வயதைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினால் போதாது, வீடு வரைக்கும் போக வேண்டும் என்கிறேன்.

அத்தைக்காரியிடமும் பேசினார்கள். "ரெண்டு வருசம் பொறுத்தா பிள்ளையும் பன்னிரண்டு முடிச்சிருவா, உன் மருமகளுக்கும் ஒரு படிப்பு இருக்கும்" என்று எடுத்துச் சொன்னார்கள். அந்தம்மாள் ஒத்துக்கொண்டார், பையன் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் வேறு இடத்தில் முடித்துக்கொண்டான். அந்த வீட்டில் ஒரு வருடம் நம்மோடு பேசவில்லை. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இப்போது கல்லூரிக்குப் போகிறாள். தகப்பனார் ஏடு வாசிப்புக்கு வருகிறார், கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். எல்லாரும் சந்தோஷமாக முடிந்த கதை என்று சொல்ல மாட்டேன்.

நம் மக்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டிருக்கிறேன். தாத்தா கண்ணை மூடும் முன் பேத்தி கல்யாணத்தைப் பார்க்க வேண்டுமாம். தாத்தாவுக்கு இன்னொரு ஆசையும் இருந்திருக்குமே, பேத்தி நன்றாக இருக்க வேண்டும் என்று. ஜோசியர் இந்த வருடம் விட்டால் 27 வயதுக்குத்தான் யோகம் என்றாராம். மந்திரம் தந்திரத்துக்குப் பயப்படாதே என்று சொன்ன அய்யாவின் மக்களுக்கு ஜோசியர் கட்டத்துக்கு என்ன பயம்? 27 வயதில்தான் கல்யாணம் என்றால் அதற்குள் பிள்ளை ஒரு டிகிரி முடித்து வேலைக்கே போய்விடுவாள்.

"நம்ம பாட்டி பதிமூணு வயசுல வாக்கப்பட்டவதானே, ஒம்பது பெத்தா" என்பார்கள். ஒன்பது பெற்றாள், சரி. எத்தனை தங்கியது என்று கேளுங்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் கேட்டுப் பார்த்தால் தங்காமல் போன பிள்ளைகளின் கணக்கு இல்லாத வீடு குறைவு. முதல் பிரசவத்திலேயே போன பெரியம்மாக்கள், சித்திகள் கதையும் வரும். உடம்பு முழுதாக வளராத பிள்ளை சுமந்தால் இரத்தசோகை, பிரசவக் கஷ்டம், எடை குறைந்த குழந்தை என்று இன்றைக்கு எந்த நர்ஸ் அம்மாவும் சொல்வார்.

இன்னொரு காரணம் இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் இப்போது அதுதான் பெரிய காரணம். பிள்ளை யாரோடாவது பேசுகிறாளாம், போனில் மெசேஜ் வந்ததாம். "ஓடிப் போயிட்டான்னா சொந்தக்காரன் முகத்துல எப்படி முழிக்க?" உடனே படிப்பை நிறுத்து, உறவில் ஒருவனைப் பிடி, ஒரு மாதத்தில் முடி. தாய்மார்களே, ஐயாமார்களே, யோசித்துப் பாருங்கள். பதினாறு வயதில் ஒரு பிள்ளை மனசில் ஏதோ ஆசை வந்தது என்பதற்காக ஆயுள் முழுக்கத் தண்டனையா? பேசினால் அடி விழும், படிப்பு போகும் என்று தெரிந்த பிள்ளைதான் சொல்லாமல் இரவில் பஸ் ஏறுகிறாள். தகப்பனிடம் பயமில்லாத பிள்ளை வீட்டில் வந்து சொல்வாள்.

அப்படி வயது நிறையாத பிள்ளை ஒரு பையனோடு தாங்கலுக்கே வந்து தாலி கட்டி வையுங்கள் என்று நின்றால்? கட்டி வைக்கக் கூடாது. ஆனால் விரட்டிவிடவும் கூடாது. அந்தப் பிள்ளையோடு தாய்மார் இரண்டு பேர் உட்கார வேண்டும், சாப்பாடு கொடுக்க வேண்டும், 1098க்குப் போன் போட வேண்டும். அரிவாளோடு வருகிற சித்தப்பன் கையில் ஒப்படைக்கக் கூடாது. நிழல் தாங்கல் என்று பெயர் வைத்துக்கொண்டு, வெயிலில் வந்தவளுக்கு நிழல் இல்லை என்றால் பெயரை எடுத்துவிடலாம்.

வயதுக் கணக்குக்கு வருகிறேன். இதில்தான் நம் ஆட்கள் ஏமாறுவதும், ஏமாற்றுவதும். சட்டம் கேட்பது நிறைந்த வயது. பெண்ணுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும், ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். பதினெட்டு நடக்கிறது என்றால் 17தான் நிறைந்திருக்கிறது. ஆணுக்கும் வயது உண்டு என்பதைப் பலர் மறந்தே போகிறார்கள். ஜாதகத்தில் எழுதிய தேதி போதாது. ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்திக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

இந்த வயது ஒரே நாளில் வந்ததில்லை. 1929ல் சாரதா சட்டம் வந்தபோது பெண்ணுக்கு 14 என்றுதான் வைக்க முடிந்தது. சென்னை மாகாணத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் போன்றவர்கள் அதற்காகப் பேசிப் பேசி ஏச்சு வாங்கினார்கள். 1949ல் 15 ஆனது, 1978ல் 18 ஆனது. இப்போது இருப்பது 2006ம் வருடத்துக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2007 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பணிவிடைக்காரர்களும் குருமார்களும் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். கட்டிக்கொள்கிற 18 வயது கடந்த ஆணுக்கும், கட்டிக் கொடுக்கிற பெற்றோருக்கும் மட்டும் இந்தச் சட்டம் இல்லை. நடத்தி வைக்கிறவர், முன்னின்று செய்கிறவர், துணை நிற்கிறவர் எல்லாருக்கும் இரண்டு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஜாமீனில் விட முடியாத குற்றம். பெண்களுக்குச் சிறை கிடையாது, அபராதம் உண்டு. நாமம் சாத்தி வாழ்த்துகிறவரும் நடத்தி வைப்பவர்தான். "நான் அய்யா பேர் சொல்லி வாழ்த்தினேன், அவ்வளவுதான்" என்று மாஜிஸ்திரேட் முன் சொல்ல முடியாது. மாஜிஸ்திரேட் தடை உத்தரவு போட்ட பிறகும் மீறி நடத்தினால் அந்தக் கல்யாணம் கல்யாணமே ஆகாது, செல்லாது.

சட்டத்துக்குப் பயந்து செய்யச் சொல்லவில்லை. ஆனால் சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் மத்திய அரசின் 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 12.8 பேர் 18 நிறையும் முன் கல்யாணம் ஆனவர்கள். எட்டில் ஒருத்தி. இந்தியா முழுக்க எடுத்தால் 23.3. ஒரு பந்தியில் எட்டு இளம்பெண்கள் உட்கார்ந்தால் அதில் ஒருத்தி என்று வைத்துப் பாருங்கள்.

ஊர் கூடினால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு மேற்கு வங்காளத்துப் புருலியா மாவட்டத்தைச் சொல்வேன். அங்கே ரேகா காளிந்தி என்ற பிள்ளை, பீடி சுற்றும் குடும்பம். முக்கூடல், ஆலங்குளம் பக்கத்து நம் தாய்மாருக்குப் பீடித் தட்டு என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய அக்கா சின்ன வயதில் கட்டிக் கொடுக்கப்பட்டு, பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். அதைக் கண்ணால் பார்த்த ரேகா, 2009 வாக்கில், பதினொரு பன்னிரண்டு வயதில், எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னாள். குழந்தைத் தொழிலாளருக்கான சிறப்புப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவள் அவள். ஆசிரியர்களும் உடன் படிக்கும் பிள்ளைகளும் அதிகாரிகளும் வீட்டுக்கே வந்து பெற்றோரிடம் பேசினார்கள். கல்யாணம் நின்றது. அவளைப் பார்த்து அந்த மாவட்டத்தில் வேறு பிள்ளைகளும் மறுத்துப் பேசத் தொடங்கினார்கள். குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் அந்தப் பிள்ளைகளை அழைத்துப் பேசினார். தேசிய வீரச் செயல் விருதும் கிடைத்தது. அந்தப் பிள்ளை தைரியசாலி, சந்தேகமில்லை. ஆனால் அவள் மறுத்த அன்றைக்கு அவள் பக்கத்தில் நிற்க நாலு பெரியவர்கள் இருந்தார்கள் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். நம் ஊர்ப் பிள்ளை மறுத்தால் அவள் பக்கத்தில் யார் நிற்பார்?

ராஜஸ்தானில் அட்சய திருதியை வந்தால் கூட்டம் கூட்டமாகப் பாலர் கல்யாணம் நடக்கும் பழக்கம். 2024 மே மாதம் அந்த நாளுக்கு முன்பாக அங்குள்ள உயர் நீதிமன்றம், ஊரில் குழந்தைத் திருமணம் நடந்தால் பஞ்சாயத்துத் தலைவர் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டது. நம் ஊருக்கு அப்படி ஒரு உத்தரவு வரும் வரை காத்திருக்க வேண்டுமா என்ன?

ஏற்கெனவே கல்யாணமாகி வந்துவிட்ட பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளைக் குற்றவாளியைப் போல் பார்க்காதீர்கள். பதினாறு வயதில் இடுப்பில் பிள்ளையோடு உச்சிப்படிப்புக்கு வருகிறவளைப் பார்த்துக் குசுகுசு பேசுகிறவர்கள் வாயை மூட வேண்டும். அவள் விரும்பினால் அந்தக் கல்யாணத்தை நீதிமன்றத்தில் ரத்து செய்துகொள்ள உரிமை இருக்கிறது. 18 நிறைந்து இரண்டு வருடத்துக்குள், அதாவது 20 நிறையும் முன், மனுப் போட வேண்டும். அவளுக்குப் பிறந்த குழந்தை சட்டப்படியான குழந்தைதான். அவள் படிக்க ஆசைப்பட்டால் மறுபடி பள்ளியில் சேர்க்கலாம், தனித் தேர்வராகவும் எழுதலாம்.

இன்னொரு ஆபத்து. வயது குறைந்த பிள்ளை கர்ப்பமாக இருந்தால், 2012ல் வந்த போக்சோ சட்டப்படி மருத்துவர் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதற்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போகாமல் வீட்டிலேயே மறைத்து வைக்கிறார்கள். மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போவான் என்று பயந்து பிள்ளை உயிரைப் பணயம் வைப்பதா? எது வந்தாலும் முதலில் ஆஸ்பத்திரி. வழக்கு வந்தால் வரட்டும். இலவச சட்ட உதவி மையம் எல்லா மாவட்ட நீதிமன்றத்திலும் இருக்கிறது.

காசுக் கவலையால் படிப்பை நிறுத்துகிறவர்களுக்கு ஒன்று. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்பிள்ளைகள் கல்லூரி, டிப்ளமோ, ஐடிஐ சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவர்கள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கியது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கினார்கள். இது பெரிய பணமில்லைதான். பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அப்பாவிடம் கையேந்தாமல் இருக்கலாம். அந்த முதுகடிபட்ட கொத்தனார் வீட்டில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகுதான் தாயார் நம் பக்கம் பேசினார்.

எங்கள் தாங்கலில் கூடிப் பேசி வைத்துக்கொண்ட வழக்கத்தை எழுதுகிறேன், உங்கள் தாங்கலுக்குப் பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கள். நாள் கேட்டு வருகிறவர் பெண், மாப்பிள்ளை இருவருடைய பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் நகலும் கொடுத்த பிறகுதான் நோட்டில் பெயர் ஏறும். பெரிய வீடு, சின்ன வீடு, தர்மகர்த்தா வீடு என்று விலக்கு இல்லை. முதலில் கொடுத்தது எங்கள் பெரிய பணிவிடைக்காரர்தான். தன் பேத்தி கல்யாணத்துக்கு, பேத்திக்கு வயது 24 என்று ஊருக்கே தெரிந்திருந்தும், சான்றிதழைக் கொண்டுவந்து வரிசையில் நின்று கொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் மரியாதைக் குறைவு என்று பேசவில்லை. வயது நிறையாதது தெரிந்தால் முதலில் வீட்டில் போய்ப் பேசுவோம். கேட்காமல் வேறு இடத்தில் ஏற்பாடு நடக்கிறது என்று தெரிந்தால் 1098க்குச் சொல்வோம். சொன்னவர் பெயர் வெளியே வராது. மாவட்டச் சமூக நல அலுவலர்தான் இதற்கு அதிகாரி, அவர் அலுவலக எண்ணைத் தாங்கல் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறோம்.

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் தாய்மார் ஒரு வேலை செய்கிறார்கள். ஊரில் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பெண்பிள்ளைகள் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். யாருடைய சீருடை தெருவில் தெரியவில்லையோ அந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்ததும் இரண்டு பேர் போவார்கள். போன ஜூனில் மூன்று வீட்டுக்குப் போனார்கள். ஒரு பிள்ளைக்கு மஞ்சள் காமாலை. ஒரு பிள்ளை பாட்டி வீட்டுக்குப் போய் அங்கே பள்ளியில் சேர்ந்திருந்தாள். மூன்றாவது வீட்டில் கதவு திறக்கவில்லை. அந்த வீட்டுக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த ஞாயிறும் போகிறார்கள், கூட வர முடிந்த தாய்மார் உச்சிப்படிப்புக்கு முன்பே தாங்கலுக்கு வந்துவிடுங்கள்.

அய்யா உண்டு.